பாம்பக்கா சொன்ன இரண்டு பதில்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணி எங்கே?" என்று கேட்டால், "பாம்பு பார்க்கப் போயிருக்காங்க" என்று சொல்வோம். கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வோம். வந்தவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுவார்.

"மிருகக்காட்சி சாலைக்கா?"

"இல்லை, வாய்க்கால் பக்கம்."

"எதுக்கு?"

"சும்மா, பார்க்கத்தான்."

சும்மா பார்க்கத்தான் என்பதை இதுவரை ஒருவரும் நம்பியதில்லை. பிடித்து விற்கிறார் என்று ஒரு கதை, விஷம் எடுக்கிறார் என்று இன்னொரு கதை. எதிர்வீட்டு வாத்தியார் மட்டும் நாகரிகமாக, "ஏதோ ஆராய்ச்சியாமே?" என்பார். ஆராய்ச்சியும் இல்லை. அண்ணி பாம்பைத் தேடிப் போவார், கிடைத்தால் தள்ளி நின்று பார்ப்பார், நோட்டில் எழுதுவார், வீட்டுக்கு வந்து துணி துவைப்பார். அவ்வளவுதான்.

அவர் என் அண்ணனின் மனைவி. கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். அண்ணிக்கு இப்போது நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாகத் துணி ஆலையில், சோதனைப் பிரிவில் வேலை. சாய்வான கண்ணாடி மேசை, அதற்கு அடியில் விளக்கு, மேசைமேல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும் துணி. அதில் அறுந்த இழை, முடிச்சு, எண்ணெய்க் கறை எதுவானாலும் கண்டுபிடித்துக் குறி போட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு கிலோமீட்டர் துணி அவர் கண்ணுக்குக் கீழே ஓடும். "நடக்காமலேயே இவ்வளவு தூரம் போறவ நான் ஒருத்திதான்" என்பார்.

நின்றே வேலை செய்ததில் கால் நரம்பு சுருண்டுகொண்டது. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்போது அண்ணிக்கு முப்பத்தொன்பது வயது. தெருவில் நடந்தால் ஆளாளுக்கு நிறுத்திப் பேசுகிறார்கள் என்று வாய்க்கால் கரைக்குப் போனார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, புல்லில் ஏதோ சரியில்லை என்று பட்டு நின்றிருக்கிறார். என்ன சரியில்லை என்று தெரியவில்லையாம். புல்லெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, ஒரே ஒரு கோடு மட்டும் வேறு பக்கம் போயிற்றாம். அது ஒரு சாரைப்பாம்பு.

"பயமா இல்லையா அண்ணி?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"பயப்படணும்னு ஞாபகம் வர்றதுக்குள்ள அது போயிடுச்சு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எவ்வளவு அழகா நெய்ஞ்சிருக்கு தெரியுமா" என்றார்.

அந்த வாரமே நூலகத்திலிருந்து ஒரு பாம்புப் புத்தகம் வந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி வந்ததும் அதே புத்தகத்தை மறுபடி எடுத்துவந்தார். மூன்றாவது முறை நூலகரே, "நீங்களே வெச்சுக்கோங்கம்மா, வேற யாரும் இதைத் தொடுறதில்ல" என்று சொல்லிவிட்டாராம். ஆனாலும் அண்ணி தேதி தவறாமல் கொண்டுபோய் முத்திரை குத்திக்கொண்டுதான் வருவார்.

எனக்கும் ஒருமுறை ஆசை வந்து கூடப் போனேன். ஒரே முறைதான். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் கம்பு, இடுப்பில் ஒரு பை. வீட்டில் ஓயாமல் பேசுகிறவர், வாய்க்காலைத் தாண்டியதும் ஊமையாகிவிட்டார். பத்து அடி நடப்பார், நிற்பார். மறுபடி பத்து அடி. இப்படியே ஒன்றரை மணி நேரம். எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"நில்லு" என்றார். "உனக்கு நேரா, அந்தப் பச்சைச் செடியில. தெரியுதா?"

"இல்ல."

"மூணாவது கிளை."

"கிளைதான் தெரியுது."

"அதுல ஒரு கிளைக்குக் கண்ணு இருக்கு பாரு."

பார்த்தேன். சுண்டுவிரல் கனத்தில் ஒரு பச்சைப் பாம்பு, என் மூக்குக்கும் அதற்கும் நடுவே ஒரு குடை நீளம்தான் இருக்கும். நான் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும், அது என்னிடம் அப்போது இல்லை. அண்ணி என் முழங்கையைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டே, காதருகே, "பாரு, எப்படி உக்காந்திருக்கு பாரு" என்றார். மகள் மேடையில் பரிசு வாங்குவதைப் பார்க்கிற அம்மாவின் முகம் அது.

திரும்பும்போது ஒரு தட்டைக் கல்லைப் புரட்டினார். அடியில் இரண்டு மண்புழுவும் ஒரு தேளும்தான். புரட்டிய கல்லை அப்படியே போட்டுவிட்டு வருவார் என்று நினைத்தேன். தேள் நகரும்வரை காத்திருந்து, முன்பு எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கமே கீழே இருக்கும்படி, பழைய தடத்திலேயே கல்லைப் பொருத்திவிட்டு எழுந்தார். "ஒருத்தர் வீட்டுக் கதவைத் திறந்தா மூடிட்டுத்தானே வரணும்?" என்றார்.

எட்டு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பாம்புகளைப் பார்த்திருக்கிறார். நோட்டில் எல்லாம் இருக்கிறது: தேதி, வெயிலா மேகமா, எந்த இடம், எதன் அடியில், எந்தப் பக்கம் போயிற்று. கடைசிக் கட்டத்தில் பெயர். நாற்பத்தேழு இடங்களில் அந்தக் கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறது. "இருக்கலாம்", "போல" என்றெல்லாம் ஒரு இடத்திலும் இருக்காது. ஒரு பாம்பைக்கூட அவர் தொட்டதில்லை.

என் அண்ணன் நேர் எதிர். காகித மூட்டைகளை அச்சகங்களுக்கு வேனில் கொண்டுபோய்ப் போடும் வேலை. தோளில் மூட்டை ஏற்றினால் ஆள் யானை. ஆனால் பாம்புப் புத்தகத்தின் அட்டை மேலே இருந்தால் அந்த மேசையில் சாப்பிட மாட்டார், கவிழ்த்து வைத்த பிறகுதான் உட்காருவார். "உன் சொந்தக்காரங்க எல்லாம் சௌக்கியமா?" என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலிலேயே கேட்பார். "உங்களைத்தான் விசாரிச்சாங்க" என்பார் அண்ணி. அந்த பூட்ஸை மட்டும் அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தார். வருடாவருடம் கிழிந்ததும் புதிது வாங்குவதும் அவர்தான்.

ஆலையில் அண்ணிக்குப் பாம்பக்கா என்று பெயர். முதலில் கேலியாக வந்த பெயர்தான். ஒருமுறை கேன்டீன் பின்னால் ஒரு கொம்பேறிமூக்கனை அடிக்க நாலைந்து பேர் கட்டையோடு நிற்க, அண்ணி போய், "இது ஓணான் தின்னுற ஆளு, உங்க சோத்துக்கு வராது" என்று நடுவில் நின்றிருக்கிறார். அது தன் பாட்டுக்கு மரமேறிப் போய்விட்டது. அதற்குப் பிறகு கேலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பெயர் மட்டும் நின்றுவிட்டது. யார் வீட்டில் எது வந்தாலும் போனில் படம் எடுத்து அவரிடம்தான் காட்டுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஆலைக் கிடங்கில் ஒரு பாம்புச் சட்டை கிடைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கிடங்குக்காரர் மரப்பலகை அடுக்கை நகர்த்தியபோது ஆணியில் ஏதோ மாட்டிக் கிடந்திருக்கிறது. உருவிப் பார்த்தால் பாம்புச் சட்டை. முழுசாக வரவில்லை, ஒரு சாண் நீளத் துண்டு மட்டும் கிழிந்து கையோடு வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் காவலாளி, கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் போட்ட ஒன்றைக் கிடங்குச் சுவரோரம் பார்த்ததாகச் சொல்லி, யாரும் நம்பாமல் விட்டிருந்தார்கள். இப்போது நம்பினார்கள். கிடங்கில் ஒருவரும் கால் வைக்க மாட்டேன் என்றார்கள். கிடங்குக்கு அடுத்த சுவர் குழந்தைகள் அறை. வேலைக்கு வரும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிற அறை.

மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டனுப்பினார்.

கறுப்பில் வெள்ளை வளையம் என்றால் இரண்டு பாம்பு இருக்கிறது. ஒன்று ஓநாய்ப் பாம்பு. பல்லி தின்னும், விஷம் கிடையாது. இன்னொன்று கட்டுவிரியன். கடித்தது தெரியாமலேயே ஆளை முடித்துவிடும். தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கட்டுவிரியனுக்கு முதுகு நடுவில் ஒரு வரிசைச் செதில் மற்றதைவிடப் பெரிதாக, ஆறு பக்கத்தோடு இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு எல்லாம் ஒரே அளவு. உரித்துப் போட்ட சட்டையிலும் இந்த வித்தியாசம் அப்படியே தெரியும்.

அண்ணி அந்தத் துண்டைத் தன் சோதனை மேசையில் விளக்குக்கு மேலே விரித்தார். சுற்றிலும் முப்பது நாற்பது பேர். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அண்ணி தன் வேலைக் கோட்டின் பையிலிருந்து இழை எண்ணும் கண்ணாடியை எடுத்தார். துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவதற்காக ஆலையில் கொடுக்கிற, மடக்கக்கூடிய சின்னப் பூதக்கண்ணாடி அது. துண்டின் நடுவில் வைத்து எண்ணினார். கொஞ்சம் தள்ளி வைத்து எண்ணினார். எல்லாச் செதிலும் ஒரே அளவு.

"ஓநாய்ப் பாம்பு. ஒண்ணும் பண்ணாது. போய் வேலையைப் பாருங்க" என்றார்.

"நெஜமாவா பாம்பக்கா?"

"நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?"

கூட்டம் கலைந்தது. யாரோ கை தட்டினார்களாம். மேனேஜர், "தேங்க்ஸ்மா, பெரிய தலைவலி தீர்ந்தது" என்றார். அன்றைக்கு அண்ணி தலைநிமிர்ந்து நடந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நடக்கவும் வேண்டியதுதான்.

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது, குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்கிற பெண் கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். துணி சுற்றி வருகிற காலி அட்டைக் குழாய்களைப் பிள்ளைகள் விளையாட எடுத்துப்போவது அவள் வழக்கம்.

"அக்கா, எடுத்துக்கலாமா? பயமில்லையே?"

"தாராளமா எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அண்ணி பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்து குளித்து, எனக்கும் சேர்த்து டீ போட்டு வைத்துவிட்டு, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அந்தச் சட்டைத் துண்டை மிதக்கவிட்டார். நோட்டில் ஒட்டுவதற்கு முன் ஊறவைப்பது அவர் வழக்கம். காய்ந்த சட்டையின் ஓரம் சுருண்டிருக்கும், இழுத்தால் உடையும். தண்ணீரில் அதுவாகவே விரிந்துகொடுக்கும். நான் சாப்பாட்டு மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து, நான் வேலை செய்யும் பள்ளிக்கூட அலுவலகக் கதை ஒன்றை ஆரம்பித்திருந்தேன். தலைமை எழுத்தர் தன் நாற்காலியைத் தானே உடைத்துவிட்டுப் பியூன்மேல் பழி போட்ட கதை. பாதியில் அண்ணி கேட்பதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது.

புருவம் எடுக்கிற இடுக்கியால் சுருண்ட ஓரத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எடுத்தார். துடைத்தார். மறுபடி வைத்தார்.

"என்ன அண்ணி?"

கண்ணாடியை என் பக்கம் தள்ளினார். குனிந்து பார்த்தேன். நடுவிலெல்லாம் சின்னச் சின்னச் செதில். ஓரத்தில், சுருண்டு மடங்கியிருந்த இடத்தில், ஒரே ஒரு வரிசை மட்டும் பெரிது பெரிதாக இருந்தது. குளியலறைத் தரையில் பதிப்பார்களே, ஆறு மூலை ஓடு, அது மாதிரி.

"இது முதுகு" என்றார் அண்ணி. "நான் முதுகுன்னு நெனச்சு எண்ணினது விலா."

எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கிழிந்து வந்தது உடம்பின் ஒரு பக்கம் மட்டும். துண்டின் நடுவைப் பாம்பின் நடு என்று நினைத்துவிட்டார். எப்படி நினைக்காமல் இருப்பார்? துணியில் இழை எண்ணுகிறவர்கள் கரையை விட்டுத் தள்ளி, நடுவில்தான் எண்ணுவார்கள். கரையில் நெசவு வேறு மாதிரி இருக்கும், அங்கே எண்ணினால் கணக்குத் தப்பும். இருபத்திரண்டு வருடமாக அவர் கை தானாகவே ஓரத்தை ஒதுக்கிவிட்டு நடுவுக்குப் போகப் பழகியிருக்கிறது. துணிக்காரர் அல்லாத ஒருவர் ஓரத்தைத்தான் முதலில் நோண்டிப் பார்த்திருப்பார்.

"ஊறவெக்காம பாத்தேன். எல்லாரும் நிக்கிறாங்கன்னு அவசரம். பெருமை வேற" என்றார். பிறகு சட்டென்று எழுந்தார். "குழாய்!"

"என்ன குழாய்?"

"அட்டைக் குழாய். பகல்ல அது ஒடுங்கிக் கெடக்க அதைவிட நல்ல இடம் கெடையாது. எடுத்துக்கோன்னு நானே சொன்னேன்."

மேனேஜருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அலுவலக எண்ணில் யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், லைன் கிடைக்கவில்லை. குழந்தைகள் அறைப் பெண் வேலை நேரத்தில் போனை அலமாரியில் பூட்டிவிடுவாள். தீயணைப்பு நிலையத்தில் மட்டும் எடுத்தார்கள். வேறு வேலையாக ஊருக்கு மறுகோடியில் இருப்பதாகவும், முக்கால் மணி நேரத்தில் வருவதாகவும் சொன்னார்கள். அண்ணி அதற்குள் கொண்டையை முடிந்து பூட்ஸில் ஒரு காலை விட்டிருந்தார்.

அண்ணன் அப்போதுதான் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருடைய முகம் வெளுத்தது பாம்புக்காக மட்டும் இல்லை.

"போய் என்னன்னு சொல்லுவே? எல்லார் முன்னாடியும் சொன்னே இல்ல?"

"தப்புன்னு சொல்லுவேன்."

"இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேரு..."

"என்னங்க," என்றார் அண்ணி, மறு காலை பூட்ஸில் விட்டுக்கொண்டே, "வேன் சாவி எங்கே?"

அண்ணன் வேனை நோக்கித் திரும்பி நடந்தார். நானும் ஏறிக்கொண்டேன். பத்து நிமிட வழி.

குழந்தைகள் அறையில் பதினோரு பிள்ளைகள். ஒருவன் குழாயைக் கண்ணில் வைத்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தி இன்னொரு குழாயில் காதை வைத்திருந்தாள். அண்ணி கத்தவில்லை. வீட்டில் என் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலிலேயே, "யாருக்கெல்லாம் பெரிய வேன்ல ஏறணும்? குழாயை மெதுவாத் தரையில வெச்சவங்களுக்குத்தான் இடம்" என்றார். பதினொன்றும் வைத்துவிட்டு ஓடின. அண்ணன் வேனின் பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக் கதவை உள்ளேயிருந்து மூடிக்கொண்டார். பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

எட்டுக் குழாய். அண்ணி தரையில் மண்டியிட்டு, இரண்டு கை தூரம் தள்ளி, ஒவ்வொன்றாக அதன் வாய்க்கு நேரே குனிந்து பார்த்தார். காலிக் குழாயானால் மறுமுனையில் ஒரு வட்ட வெளிச்சம் தெரியும். எட்டிலும் வெளிச்சம் தெரிந்தது. குழந்தைகள் அறைப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். பின்னாலேயே இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள், கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர்கள். காலையில் கேட்டவர்கள் சிலரும் ஓவர்டைமுக்காக இருந்தார்கள். அண்ணி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"காலைல நான் சொன்னது தப்பு. அது ஓநாய்ப் பாம்பு இல்ல. கட்டுவிரியன். சட்டையோட ஓரத்தைப் பாக்காம சொல்லிட்டேன்."

மூட்டை ஏற்றுகிறவர்களில் ஒருவர், "காலைல பூனை, சாயந்திரம் புலியா? ராத்திரிக்கு என்னக்கா, யானையா?" என்றார். சிரிப்பு எழுந்தது. நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். காது மடல் சிவந்திருந்தது. குரல் மட்டும் இறங்கவில்லை.

"சிரிங்க. ஆனா வெளியில நின்னு சிரிங்க. உள்ள யாரும் போக வேண்டாம்."

"அம்மா," என்றார் மேனேஜர், பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏழு மணிக்கு லாரி வருது. இங்கதான் பாத்தாச்சே, ஒண்ணும் இல்லையே?"

"இங்க இல்ல. அதான் கிடங்குல இருக்கும்னு சொல்றேன்."

"இதைக் காலைலயே சரியா சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். சொல்லல. அது என் தப்புதான், என் பேர் போட்டே எழுதிக்கோங்க. ஆனா உங்க லாரிக்காக இன்னொரு தப்பைச் சொல்ல மாட்டேன்."

அண்ணி கிடங்குக்குள் போனார், தனியாக. நாங்கள் வாசலில் நின்றோம். பின்சுவரில் ஒரு ஜன்னல். அதற்கு இந்தப் பக்கம் இரும்புச் சட்டத்தில் காலிக் குழாய்கள் படுக்கை வசமாக அடுக்கியிருந்தன, அறுபது எழுபது இருக்கும். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அந்தக் குழாய்களுக்குள் புகுந்து, எங்கள் பக்கம் வட்ட வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. அண்ணி தன் கம்பைத் தரையில் ஊன்றி நின்றார். எதையும் தட்டவில்லை, நகர்த்தவில்லை. மேல் வரிசையிலிருந்து கண்ணை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் ஓட்டிக்கொண்டு வந்தார். மேசையில் துணி ஓடும்போது அவர் பார்ப்பதைப் போல, ஒன்றையும் முறைத்துப் பார்க்காமல், எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பார்த்துக்கொண்டு. ஆலையில் அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கீழிருந்து இரண்டாவது வரிசையில் கண் நின்றது. எல்லாம் வெளிச்சமாக இருக்க, ஒன்று மட்டும் இருட்டு.

டார்ச்சை அடித்தார். அங்கேயே நின்றபடி, எங்கள் பக்கம் திரும்பாமல், "இருக்கு" என்றார்.

மூட்டை ஏற்றுகிறவர் எல்லோரையும் முந்திக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

தீயணைப்பு நிலைய ஆள் வந்தபோது அண்ணி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார், இருட்டுக் குழாய்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். நாற்பது நிமிடத்துக்குமேல். இடது காலின் நரம்பு வீங்கி, பூட்ஸை அன்றைக்கு அண்ணன்தான் கழற்றிவிட வேண்டியிருந்தது. வந்தவர் குழாயின் இரண்டு வாயிலும் துணியைக் கட்டி வெளியே எடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் சரித்தார். பளபளவென்று கறுப்பு. இரட்டை இரட்டையாக மெல்லிய வெள்ளை வளையம். பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொண்டது.

"கட்டுவிரியன்தான், நல்ல வளர்த்தி" என்றார் அவர். "யாரு கண்டுபிடிச்சது?"

"எங்க பாம்பக்கா" என்றார் மூட்டை ஏற்றுகிறவர், தானே வளர்த்து ஆளாக்கிய மாதிரி.

மறுநாள் அண்ணி வழக்கம்போல வேலைக்குப் போனார். யாரும் தன்னிடம் இனிமேல் படம் காட்ட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனதாக என்னிடம் பிறகு சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்களாம். குழந்தைகள் அறைப் பெண் ஆறாவது. அவளிடம் படம் எதுவும் இல்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அண்ணன்தான் ஆளே மாறிப்போனார். பாம்பு என்றால் மேசையைவிட்டு எழுந்துபோகிறவர், எந்த அச்சகத்தில் மூட்டை இறக்கினாலும் இந்தக் கதையையும் இறக்கிவிட்டுத்தான் வருவார். போன மாதம் அவருடைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அண்ணன் ஆரம்பித்தார்: ஆலையில் பாம்பு, நாற்பது பேர் நடுக்கம், எங்க வீட்டம்மா ஒரே ஆளாக உள்ளே போய், எழுபது குழாயில் ஒரு குழாயைக் கண்ணாலேயே...

சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "முதல்ல நான் தப்பா சொன்னேனே, அது எங்கே?"

"அதை எதுக்கு இப்போ?"

"அது இல்லாம சொன்னா நான் ஏதோ மந்திரக்காரி மாதிரி இருக்கு. சொல்லுங்க."

"நல்லாவா இருக்கும்?"

"நடந்தது அதுதானே?"

அண்ணன் நண்பரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். விருப்பமில்லாமல்தான் ஆரம்பித்தார். ஆனால் அண்ணி பூட்ஸை மாட்டிக்கொண்டு சாவி கேட்ட இடம் வந்ததும் குரல் தானாக உயர்ந்துவிட்டது. கூட்டத்தின் நடுவில் நின்று "நான் சொன்னது தப்பு" என்று சொன்ன இடத்தில் நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். அவர் அப்போது வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர், எதையும் பார்க்கவில்லை. நான் அதைச் சொல்லவில்லை. நண்பர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் அண்ணன் கதையை அங்கிருந்துதான் தொடங்குகிறார். புதிதாக யார் வந்தாலும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "முதல்ல எங்க வீட்டம்மா தப்பாத்தான் சொன்னா, தெரியுமா?" என்கிறார்.